அரைநூல் மேஸ்திரி வீட்டு நாய்

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். "அரைநூல் மேஸ்திரி வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

கட்டட வேலைக்காரர்களுக்கு ஓர் அங்குலம் என்பது எட்டு நூல். அரை நூல் என்றால் ஒரு நாணயத்தின் கனம், அவ்வளவுதான். ஒரு வக்கீல் வீட்டில் டைல்ஸ் ஒன்று அந்த அரை நூல் தூக்கி நிற்கிறது என்று, போட்டு முடித்த அறைத் தரையை முழுவதுமாகப் பெயர்த்துப்போட்டு மறுபடி முதலிலிருந்து போட்டவர் நம் ஆள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே மேஸ்திரி, நல்லாத்தானே இருக்கு" என்று வக்கீல் கெஞ்சிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாது சார், தரைக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உளியை எடுத்தார் மேஸ்திரி. கோர்ட்டில் யாரையும் பேசவிடாத அந்த வக்கீல் வாயை மூடிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டலில் தங்கினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் அரைநூல்.

முப்பது வருடமாக முட்டி போட்டே வேலை. அதனால் மனிதர்களைவிட அவர்கள் வீட்டு நாற்காலிக் கால்களையும் கதவின் அடிப்பக்கத்தையும்தான் அவருக்கு நன்றாகத் தெரியும். அவரோடு சேர்ந்து வேலை செய்வது பெண்டாட்டியின் தம்பி. கலவை போடுவதும் டைல்ஸ் வெட்டுவதும் அவன் பொறுப்பு, திட்டு வாங்குவதும்தான். அவன் வாயில் சாதாரணமாக வரும் ஒரு வார்த்தையை மேஸ்திரியால் காதுகொடுத்துக் கேட்கவே முடியாது. "பரவாயில்ல மச்சான், விடுங்க" என்பான். உடனே தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்வார். "பரவாயில்லைன்னு சொல்றவன் தரை போடக்கூடாதுடா. குழி தோண்டப் போ. குழிதான் எப்படி இருந்தாலும் பரவாயில்ல."

இப்படிப்பட்ட ஆளின் சொந்த வீட்டுக் கூடம் எப்படி இருக்கும்? நாலடிக்கு இரண்டடி டைல்ஸ், கண்ணாடிப் பளபளப்பு. குனிந்து பார்த்தால் மூக்கில் இருக்கும் மச்சம் தெரியும். வேலை கொடுக்க வருகிறவர்களிடம் மேஸ்திரி பேச்சுக் கொடுப்பதே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைக் கோலிக்குண்டை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைப்பார். அது வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். அந்தப் பக்கம் போகாது, இந்தப் பக்கமும் போகாது. பார்க்க வந்தவர் கோலியைப் பார்ப்பார், மேஸ்திரியைப் பார்ப்பார், "எப்ப வேலைய ஆரம்பிக்கலாம்?" என்பார்.

இந்தத் தரைக்குத்தான் சிமெண்ட் வந்து சேர்ந்தான்.

ஒரு பங்களாவில் வேலை முடிந்த சந்தோஷத்தில் அந்த வீட்டம்மா தூக்கிக் கொடுத்த குட்டி அது. கிரேட் டேன் என்றார்கள், ராட்சத நாய் ஜாதி. அச்சு அசல் ஈரச் சிமெண்ட் நிறம், அதனால் சிமெண்ட். மேஸ்திரியின் மனைவி முதல் நாள், "இது வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்று சத்தியம் செய்தாள். மூன்றாம் நாள் அதைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தாள். கூடப்பிறந்த தம்பிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அக்கா "தம்பி, சாப்பிட வா" என்று கூப்பிடும்போது இரண்டு பேரும் எழுந்து போய், ஒருவன் அசடு வழியத் திரும்பி வர வேண்டியிருந்தது.

குட்டி வளர்ந்தது. வளர்ந்தது என்றால் சும்மா இல்லை, காலையில் பார்த்த நாய் சாயங்காலம் வேறு அளவில் இருந்தது. அதற்கு மேஸ்திரியின் கைவண்ணமும் காரணம். பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் பலமாக இருக்க வேண்டாமா? ஒரு குட்டி சாப்பிடுவதில் இரண்டு மடங்கு வைத்தார், முட்டை தனி, பால் தனி. அதற்குமேல் மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கிய கால்சியம் பொடி, கரண்டி நிறைய. "கம்பி நல்லா கட்டிட்டா கட்டடம் ஆடாது" என்பார். பத்து மாதத்தில் அவன் நின்றுகொண்டே சாப்பாட்டு மேசையில் தாடையை வைத்தான்.

பதினோராவது மாதம் கட்டடம் ஆடியது.

முதலில் பின்னங்கால்கள்தான் ஆடின. முன்னங்கால்கள் ஒழுங்காக வாசலுக்குப் போகும், பின்னங்கால்கள் வேறு எங்கோ போவதாக முடிவு செய்துகொண்டு பக்கவாட்டில் போகும். திரும்பும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தலையைத் தாழ்த்தியே வைத்திருந்தான், யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தான். "நல்லா குடிச்சிட்டு வந்த ஆள் மாதிரி நடக்கிறான்" என்று மச்சினன் சிரித்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மச்சான், ஒருவேளை தரை சாய்ஞ்சிருக்குமோ?"

அடடா! அவன் மேஸ்திரியின் அப்பாவைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். முகம் சிவந்துவிட்டது. ரசமட்டத்தை எடுத்துவந்து கூடத்தின் நாலு மூலையும் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவிலேயே நின்றது. அதுவும் போதவில்லை. நீண்ட குழாயில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை மச்சினன் கையில் கொடுத்து, சுவருக்குச் சுவர் மட்டம் பார்த்தார். இம்மியளவு கூட இல்லை. கோலிக்குண்டை இருபது இடத்தில் வைத்துப் பார்த்தார். சிமெண்ட் ஒவ்வொரு கோலியையும் மோந்து பார்த்துவிட்டு, ஆடியபடி பின்னாலேயே வந்தான்.

மறுநாள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் வெறும் மண் தரையில் இறக்கிவிட்டார். அங்கேயும் அதே ஆட்டம்.

"பார்த்தியா! என் தரையில ஒரு குறையும் இல்ல!" என்று மேஸ்திரி துள்ளிக் குதித்து மச்சினன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கை முதுகில் இருக்கும்போதே அவருக்கு உறைத்தது. தரையில் குறை இல்லை என்றால் குறை எங்கே இருக்கிறது? அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். "டேய், என் தரையே சாய்ஞ்சிருக்கக் கூடாதா" என்றார்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். சிமெண்ட்டை நிற்கவைத்து, பின்னங்கால் பாதத்தை மடக்கித் தலைகீழாக, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார். "நல்லா இருக்கிற நாய் உடனே திருப்பி வெச்சுடும்" என்றார். எல்லோரும் அந்தப் பாதத்தையே பார்த்தார்கள். சிமெண்ட் மட்டும் ஜன்னலைப் பார்த்தான். பாதம் வைத்தது வைத்தபடி இருந்தது. தனக்கு அப்படி ஒரு கால் இருப்பதே அவனுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

படம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். கோளாறு காலில் இல்லை, கழுத்தில். கழுத்தெலும்பு வளர்ந்த விதத்தில் உள்ளே போகும் நரம்புத் தண்டை நெருக்குகிறது. மூளை சொல்வது பின்னங்காலுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

"அதாவது சுவருக்குள்ள போற பைப்பை செங்கல் அமுக்குது" என்றார் மேஸ்திரி.

"கிட்டத்தட்ட அதேதான்."

"எதனால டாக்டர்?"

"இந்த வகை நாய்ங்களுக்கு வர்றதுதான். பிறப்பும் ஒரு காரணம். ஆனா குட்டியில அதிகமா சாப்பாடு குடுத்து வேகமா வளர்த்தா, கால்சியம் அது இதுன்னு கூடுதலா குடுத்தா, இன்னும் மோசமாகும். நீங்க அப்படி எதுவும் குடுக்கலையே?"

மேஸ்திரியின் மனைவி மேஸ்திரியைப் பார்த்தாள். மச்சினன் கூரையைப் பார்த்தான். "குடுத்தேன்" என்றார் மேஸ்திரி. "கரண்டி நிறையக் குடுத்தேன்." அந்தப் பெரிய மனிதர் தேம்பியதை அன்றுதான் அந்த இரண்டு பேரும் பார்த்தார்கள்.

டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொடுத்தார். கழுத்துப் பட்டை கூடவே கூடாது, மார்போடு கட்டும் வார் மட்டும்தான். சாப்பாட்டுத் தட்டை மார்பு உயரத்தில் வைக்க வேண்டும், குனியக் கூடாது. ஓட்டம் கிடையாது, படி கிடையாது. மாத்திரை ஒழுங்காக. பொடி குப்பைக்கு. "ஆறு வாரம் பார்ப்போம். கொஞ்சமாவது தேறினா இப்படியே ஓட்டலாம். இன்னும் மோசமானா பெரிய ஆபரேஷன், அதுல பிழைச்சு எழுந்து நடப்பான்னு என்னால உறுதி சொல்ல முடியாது." பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "வீட்டுத் தரை எப்படி? வழுக்குமா?"

மேஸ்திரி போனை எடுத்துக் கூடத்தின் படத்தைக் காட்டினார். பழக்கதோஷம். காட்டும்போது முகத்தில் ஒரு பெருமைகூட வந்துவிட்டது.

டாக்டர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, இதுலயா நடக்கிறான்? ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் கழுத்து வெட்டி இழுக்கும். இதை முதல்ல மாத்துங்க."

மாற்றுவதாவது! மேஸ்திரி பாய் வாங்கினார். பளபளப்பான தரையில் பாயே வழுக்கியது, சிமெண்ட் அதன்மேல் நின்றபடி சமையலறைவரை சவாரி போய்ச் சேர்ந்தான். ரப்பர் விரிப்பு வாங்கினார், அதில் பாதியை அவன் தின்றுவிட்டான். அடியில் ரப்பர் வைத்த காலுறை நாலு வாங்கி மாட்டினார்கள். சிமெண்ட் ஒரு காலை மட்டும் தூக்கிக்கொண்டு, பெருத்த அவமானம் நடந்துவிட்ட முகத்தோடு இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றான். மார்பு உயரத்துக்குத் தட்டு வைக்க மேஸ்திரி செங்கல் அடுக்கி, பூசி, மேலே டைல்ஸ் ஒட்டி ஒரு மேடை கட்டினார். அதற்கும் மட்டம் பார்த்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு நடுவில்தான் துணிக்கடை முதலாளி போன் செய்தார். புதிதாக மூன்று மாடியில் கடை கட்டுகிறார். ஒரு வருடத்துக்கு வேறு வேலையே தேட வேண்டாம், அவ்வளவு பெரிய வேலை. "ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன், உங்க வீட்டுத் தரையப் பார்க்கணும். கோலி கதையெல்லாம் சொன்னாங்க" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று மனைவி சொன்னாள். "அதுவரைக்கும் தம்பிய ரூமுக்குள்ள வெச்சுக்கறேன்."

வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை வாசலில் மேஸ்திரியின் வண்டிச் சத்தம் கேட்டதும், சாத்திய கதவை மூக்கால் நெம்பித் திறந்துகொண்டு சிமெண்ட் வந்தான். அவர் வரும்போது வாசலில் நிற்பது அவன் வேலை, அவன் வேலையை அவன் செய்ய வேண்டாமா? கூடத்தின் நடுவில் பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமாக விரிந்தன, மோவாய் தரையில் மோதியது. முப்பது வருடமாகத் தரையைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்ட காது, அந்தச் சத்தத்தை வாசலிலேயே கேட்டுவிட்டது. ஓடி வந்தார். சிமெண்ட் எழ முயன்றான், கால் பிடிப்பில்லாமல் மறுபடி வழுக்கினான், மறுபடி முயன்றான். வாலை மட்டும் ஆட்டினான்.

மேஸ்திரி அவனை அள்ளித் தூக்கி அறைக்குள் மெத்தையில் படுக்கவைத்தார். கால்மணி நேரம் கழித்து அவன் எழுந்து நின்ற பிறகு கூடத்துக்கு வந்து மச்சினனைக் கூப்பிட்டார்.

"டேய், உளியையும் சுத்தியலையும் எடு."

"மச்சான், நாளைக்கு அவரு வர்றாரு!"

"வரட்டும்."

அடுத்த மூன்று மணி நேரம் அந்த வீட்டில் நடந்ததை மச்சினன் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு டைல்ஸ்கூட ஒழுங்காகப் பெயரவில்லை. உளி வழுக்கியது, தெறித்தது, சில்லு சில்லாகத்தான் வந்தது. அடியில் கலவை அங்குலம் விடாமல் பிடித்திருந்தது. மேஸ்திரிக்கு வியர்வை ஆறாக ஓடியது. கடைசியில் சுத்தியலை வீசிவிட்டுக் கத்தினார்: "எந்த மடையன்டா இதைப் போட்டான்!"

மச்சினன் சிரிப்பை அடக்க வெளியே ஓடினான். திரும்பி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மச்சான், கோவிச்சுக்காதீங்க. மேலேயே ஒட்டிடலாமா? பசை போட்டு?"

டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுகிறவனை மேஸ்திரி தம் வாழ்நாளில் மனிதனாக மதித்ததில்லை. அதுவும் எதை ஒட்டுவது? வழுக்காத டைல்ஸ் என்றால் கார் நிறுத்தும் இடத்தில் போடுகிற சொரசொர டைல்ஸ்தான். அதைக் கூடத்துக்குள் போடச் சொன்ன ஒரு வாடிக்கையாளரை, "அப்ப காரை எங்க, கட்டில் மேலயா நிறுத்துவீங்க?" என்று கேட்டவர் அவர். பெயர்ந்த நாலு பள்ளங்களையும் பார்த்தார். பிறகு, "போய் வாங்கிட்டு வா. வரிவரியா இருக்கிறதா பார்த்து வாங்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணிக்கடை முதலாளி வந்து வாசலில் நின்றபோது கூடத்தில் முக்கால்வாசி சாம்பல் நிற வரி டைல்ஸ், பசை காயாமல் கிடந்தது. மீதிக்கு மேஸ்திரி முட்டி போட்டு ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"மிதிச்சிடாதீங்க சார்! அங்கேயே நில்லுங்க!"

அவர் வாசல் ஓரமாகச் சுவரை ஒட்டி நின்றார். சிமெண்ட் வீட்டைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாக வந்து பார்த்தான். நிற்கச் சிரமமாக இருந்தால் யார் தொடையிலாவது தன் முழு எடையையும் சாய்த்துக்கொள்வது அவன் வழக்கம். சாய்ந்துகொண்டான். முதலாளி நகரப் பார்த்தார்.

"நகராதீங்க, நகராதீங்க! நகர்ந்தா விழுந்துடுவான்!" என்று புருஷன், பெண்டாட்டி, மச்சினன் மூன்று பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

மூன்று மாடிக் கடை கட்டுகிற மனிதர் இருபத்தைந்து நிமிடம் ஒரு தூணாக நின்றார். சிமெண்ட் நின்றபடியே கண்ணை மூடினான். எல்லாம் முடிந்ததும் முதலாளி காலை உதறிக்கொண்டு, "அந்தக் கோலி...?" என்று கேட்டார். மேஸ்திரி பையிலிருந்து எடுத்து, முதலில் போட்டுக் காய ஆரம்பித்த பக்கமாக வைத்தார். அது ஒரு வரிப் பள்ளத்தில் விழுந்து நின்றது. "நிக்குது" என்றான் மச்சினன், நம்பிக்கையோடு. முதலாளி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் போன் இன்றுவரை வரவில்லை. புதுத் தரையின் உயரத்துக்கு வாசல் கதவும் சாத்த முடியாமல் இடித்தது. தச்சரைக் கூப்பிட்டு அடியில் அரை அங்குலம் சீவினார்கள்.

அன்று சாயங்காலமே மேஸ்திரி ஒரு நோட்டு எடுத்தார். ஒன்று தேறுகிறதா இல்லையா என்பதை அளக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிமெண்டு நடைபாதையில், சாயம் தோய்த்த நூலைப் பிடித்துச் சுண்டி ஆறடிக்கு ஒரு நேர்கோடு போட்டார். தினம் காலையில் சிமெண்ட்டின் பின்னங்கால் பாதங்களைத் தண்ணீரில் நனைத்து, மார்பு வாரைப் பிடித்துக்கொண்டு மச்சினன் கோட்டோரமாக மெல்ல நடத்தி வருவான். ஈரத் தடம் காய்வதற்குள் மேஸ்திரி முட்டி போட்டு ஓடி ஓடி அளப்பார். மனைவி எழுதுவாள். "வலது, மூணு இன்ச் ரெண்டு நூல் வெளிய! எழுது! ஐயோ காயுது, காயுது!" வெயில் நாட்களில் அந்த மனிதர் தவழ்ந்த வேகத்துக்கு எந்தக் குழந்தையும் ஈடு கொடுக்க முடியாது.

முதல் இரண்டு வாரம் நோட்டில் நல்ல செய்தி எதுவும் இல்லை. ஒரு நாள் குறையும், மறுநாள் ஏறும். மேஸ்திரி சாப்பிடாமல் எழுந்துபோன நாட்கள் உண்டு. "நான் கட்டின கட்டடம்டி, நானே கெடுத்துட்டேன்" என்பார். "தம்பி முன்னாடி அழாதீங்க, அவன் பயந்துடப் போறான்" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறையில் போய் அழுவாள். மூன்றாம் வாரம் இரண்டரை இன்ச். பிறகு இரண்டு, அதன்பிறகு ஒன்று. ஐந்தாம் வாரம் ஒரு நாள் காலை அவன் எதிலும் சாயாமல் மேடைத் தட்டில் இருந்த சாப்பாட்டை முழுவதும் தின்று முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மேஸ்திரி நோட்டைத் தேடி ஓடினார்.

ஆறு வாரம் முடிந்த அன்று நாலு பேரும் டாக்டரிடம் போனார்கள். மேஸ்திரி நோட்டை நீட்டினார். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இந்த மாதிரி அளந்து யாரும் எங்கிட்ட கொண்டுவந்ததில்ல" என்றார். பிறகு குனிந்து, சிமெண்ட்டின் வலது பின்னங்கால் பாதத்தை மடக்கித் தலைகீழாக வைத்தார்.

சிமெண்ட் ஜன்னலைப் பார்த்தான். மேஸ்திரியின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மச்சினன் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தான். ஒன்று. இரண்டு. மூன்று சொல்வதற்குள், ஏதோ மறந்துபோனது நினைவு வந்தவனாகச் சிமெண்ட் பாதத்தைத் தூக்கினான், நேராக வைத்தான்.

"ஆபரேஷன் இப்ப வேண்டாம்" என்றார் டாக்டர். "இப்படியே ஜாக்கிரதையா பார்த்துக்குங்க. ஆனா முன்னாடியே சொல்லிடறேன், உங்க பட்டப்பேரு வேற எனக்குத் தெரியும். முழுசா நேராகாது. கொஞ்சம் ஆட்டம் கடைசிவரைக்கும் இருக்கும். இன்னைக்கு எவ்வளவு?"

"ரெண்டு நூல்" என்றார் மேஸ்திரி.

"அது இருக்கும். அதுக்குக் கீழ எதிர்பார்க்காதீங்க."

மச்சினனும் அக்காவும் மேஸ்திரியின் முகத்தையே பார்த்தார்கள். அரை நூலுக்காக ஒரு வக்கீலை வீட்டைவிட்டுத் துரத்திய மனிதர். சிமெண்ட் இரண்டு தப்படி எடுத்துவைத்து, லேசாக ஒரு பக்கம் ஒதுங்கி, அவர் தொடையில் வந்து சாய்ந்தான். அவர் அவன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தார்.

"ரெண்டு நூல்தானே டாக்டர்" என்றார். "பரவாயில்ல."

மச்சினன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "மச்சான், இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"காதுல விழுந்தது போதும். எழுந்து வாரைப் பிடி. படி இல்லாத பக்கமா மெதுவா கூட்டிட்டு வா" என்றார் அரைநூல் மேஸ்திரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.